இரண்டரை ஸ்டார் வாங்கிய பாட்டுக்காரன்

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டியதும், என் பக்கத்து சீட்டுக்காரி போனை என் மூக்குக்கு நேராக நீட்டி, "உன் ஆளுக்கு ரெண்டரை ஸ்டார்தான் குடுத்துருக்கான் பாரு" என்றாள். அவள் பாக்கிங் பிரிவில் இருக்கிறாள். பன்னிரண்டு வருஷமாக நானும் அவளும் ஒரே சீட்டில்தான் ஓசூருக்குப் போய் வருகிறோம். நல்ல செய்தி என்றால் சாயங்காலம் இறங்கும்போது சொல்வாள். கெட்ட செய்தி என்றால் ஏறினவுடனே சொல்லிவிடுவாள்.

"உன் ஆள்" என்று அவள் சொன்னது, இப்போது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஒரு ராப் பாடகனை. ஆறு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, முந்தின வெள்ளிக்கிழமைதான் புது ஆல்பம் வெளியிட்டிருந்தான். ஒரு காலத்தில் நானும் அவனும் ஓசூரில் ஒரே கம்பெனியில், பத்தடி தூரத்தில் நின்று வேலை பார்த்தவர்கள். இதை நான் பஸ்ஸில் ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்திருந்தேன். பெருமை பீற்றிக்கொண்டதற்கு இப்போது வசமாக மாட்டிக்கொண்டேன்.

சூளகிரி வருவதற்குள் நாலு விமர்சனத்தைப் படித்துக் காட்டிவிட்டாள். பழைய கோபம் எங்கே போயிற்று என்று ஒருவர் கேட்டிருந்தார். வயதாகிவிட்டது என்று இன்னொருவர். அவனுக்கு முப்பத்தைந்துகூட முடியவில்லை. ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் தாளம் மட்டும் ஓட, பாடகர் சும்மா இருக்கிறார், இது என்ன அலட்சியம் என்று மூன்றாமவர் கடிந்திருந்தார். நாலாவது ஆள்தான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியவர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே பாட்டில் போட்டுக் கலக்கியிருப்பது மூன்று மாநிலத்துக் கடையிலும் சரக்கு போக வேண்டும் என்ற கணக்குதான் என்று எழுதியிருந்தார்.

அந்த மனிதர் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். பூக்காரியிடம் தெலுங்கில் விலை கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, படியவில்லை என்றால் தமிழில் முணுமுணுத்துவிட்டு வருகிற ஊர் அது. மூன்றும் ஒரே ஆள் வாயிலிருந்துதான் வரும். அதில் ஒரு கணக்கும் கிடையாது, நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

இதையெல்லாம் பக்கத்து சீட்டுக்காரியிடம் கத்திச் சொன்னேன். "என்கிட்ட ஏன் கத்துற, நானா எழுதுனேன்?" என்றாள். நியாயமான கேள்வி. அவள் எழுதவில்லை. ஆனால் அந்த விமர்சகர் சொன்ன குறையை அவருக்கு வெகுகாலம் முன்பே, பாடகனின் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒருத்தி அந்த சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அது நான்தான்.

இன்னொன்றும் இருந்தது. ஆல்பம் வெளிவருவதற்குப் பத்து நாள் முன்பு அவன் எனக்கு அதை அனுப்பியிருந்தான். கூடவே இரண்டே வார்த்தை: "ஃபர்ஸ்ட் பீஸ்க்கா." பார்த்துவிட்டுச் சொல்லு என்று அர்த்தம். நான் பதில் போடவில்லை. விமர்சனங்கள் வந்த அன்றைக்கும் போட்டிருக்கவில்லை.

ஃபர்ஸ்ட் பீஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் குவாலிட்டியில் இருப்பவள். குறை கண்டுபிடிப்பதுதான் என் வயிற்றுப் பிழைப்பு. ஷிப்ட் தொடங்கும்போது மெஷினிலிருந்து வருகிற முதல் பீஸை ஆபரேட்டர் தானே பார்த்து சரி என்று சொல்லிக்கொள்ள முடியாது. என் மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். நான் அளந்து பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் அவன் இரண்டாவது பீஸை ஓட்டலாம். பிறகு லாட், அதாவது அந்த ஓட்டத்தில் வந்த மொத்த பீஸும், தப்பாகப் போய்விட்டால், ஓட்டியவனை மேலிடம் முதலில் கேட்காது. "ஃபர்ஸ்ட் பீஸ்ல யார் கையெழுத்து?" என்றுதான் கேட்கும்.

அவன் ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். அவன் அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஐடிஐ முடித்துவிட்டு டிரெய்னியாகச் சேர்ந்தான். நான் காவேரிப்பட்டினம். அவனைவிட ஐந்து வயது பெரியவள், இரண்டு வருஷம் சீனியர். முதல் வாரம் "மேடம்" என்றான். இரண்டாவது வாரம் "அக்கா" ஆகிவிட்டேன்.

அவன் ஓட்டிய மெஷின் தண்டுகளைக் கடைந்து கொடுப்பது. பீஸை மாட்டி, கதவை மூடி, பட்டனை அழுத்தினால் நாற்பது நொடி மெஷின் தானாக வேலை செய்யும். அந்த நாற்பது நொடியில் ஆபரேட்டருக்கு ஒரு வேலையும் இல்லை. சிலர் கொட்டாவி விடுவார்கள். சிலர் கதவுக் கண்ணாடியில் தலை சீவுவார்கள். இவன் பாடுவான். கதவு மூடியதும் ஆரம்பித்து, திறப்பதற்குள் ஒரு சரணத்தை முடித்துவிட வேண்டும் என்று அவனாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தான். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. வாய் அசைவது மட்டும் தெரியும். சாமி வந்துவிட்டதோ என்று ஆரம்பத்தில் நான் பயந்திருக்கிறேன்.

ஒருநாள் ஷிப்ட் ஆரம்பத்தில் பீஸோடு ஒரு காகிதத்தையும் என் மேஜையில் வைத்தான். "இதையும் பாருக்கா" என்றான். எட்டு வரி. படித்துவிட்டு ஐந்தாவது வரி லூசாக இருக்கிறது என்றேன். எனக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும்? துளையில் கேஜை விட்டு அளவு சரியா என்று பார்க்கிறவள் நான். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. அந்தப் பழக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மறுநாள் ஐந்தாவது வரியை மாற்றி எழுதிக்கொண்டு வந்தான். உண்மையிலேயே நன்றாக இருந்தது. அன்றிலிருந்து மெஷினின் முதல் பீஸும் அவனுடைய முதல் பீஸும் என் மேஜைக்குத்தான் வந்தன.

மற்ற ஆபரேட்டர்களின் பீஸை நான் தள்ளிவிட்டால் பெரிய சண்டையே நடக்கும். உன் கேஜ் தப்பு, உன் கண் தப்பு, நேற்று வீட்டில் என்ன நடந்தது என்பதுவரை போகும். இவன் ஒருநாளும் வாய் பேசியதில்லை. "சரிக்கா" என்று எடுத்துக்கொண்டு போய்விடுவான். எவ்வளவு நல்ல பையன் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவன் தங்கியிருந்த லைன் வீட்டில். ஒரே அறையில் ஆறு பேர். இரண்டு பேர் குப்பம் பக்கத்திலிருந்து வந்த தெலுங்குக்காரர்கள், ஒருவன் ஆனேக்கல்லிலிருந்து வந்த கன்னடக்காரன், மற்றவர்கள் நம் பக்கம். ஓசூர் குளிருக்கு வைத்திருந்த கம்பளி அத்தனையையும் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, போனை ஒரு ஷூவுக்குள் நிறுத்திவைத்துப் பாடினான். வாசலில் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அக்கம்பக்கத்தை அடக்கிவிட்டேன். பக்கத்து வீட்டுக் குக்கரை அடக்க முடியவில்லை. சரியாகக் கடைசிப் பாட்டில் இரண்டு விசில் விழுந்துவிட்டது. இன்னொரு தடவை பாட அவனுக்கு மூச்சு இல்லை, அப்படியே விட்டுவிட்டான். பின்னாளில் யாரோ ஒரு விமர்சகர் அந்த விசில்களைப் புதுமை என்று பாராட்டியிருந்தார். அந்த வீட்டு அம்மாவுக்கு இது தெரிந்தால் சந்தோஷப்படுவார்.

அந்த ஆல்பத்தில் ஒரு வரி உண்டு. "ஊட்டா ஆயித்தா மச்சி? ஷிப்ட்டு அயிப்போயிந்தி. இன்னும் ஏன்டா என் கை மட்டும் ஆடுது?" சாப்பிட்டாயா என்று கன்னடத்தில் கேட்டு, ஷிப்ட் முடிந்தது என்று தெலுங்கில் சொல்லி, கை ஆடுகிறதே என்று தமிழில் முடிப்பான். அந்த அறையில் தினமும் நடந்த பேச்சுதான். போனிலிருந்து போனுக்குப் போய், ஒரு மாதத்தில் ஓசூரில் எந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறினாலும் அந்தப் பாட்டு ஓடியது. கான்டீனில் தட்டோடு வரிசையில் நிற்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து "ஊட்டா ஆயித்தா மச்சி" என்பார்கள். தட்டில் இன்னும் சோறே விழுந்திருக்காது. நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. எனக்கு அந்த வருஷங்கள்மேல் அப்படி ஒரு ஆசை. கால் கடுத்த வலி எல்லாம் மறந்துபோய், சிரித்தது மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது.

பிறகு சென்னையிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனி அவனைக் கூப்பிட்டது. பழைய பாட்டுகளையே ஒழுங்கான ஸ்டுடியோவில் எடுக்கலாம், புதிதாகவும் நாலைந்து சேர்க்கலாம், ஆனால் வேற்று மொழி வார்த்தைகளை எடுத்துவிட்டால் எல்லாருக்கும் புரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் உடனே பதில் சொல்லவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பேக்கரிக்கு என்னை வரச்சொன்னான். ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்திருந்தான். எல்லாப் பாட்டும் அதில் இருந்தது.

"நீ சொல்லுக்கா. நீ ஓகேன்னா ஓகே" என்றான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்குச் சில மாதங்கள் முன்னால் ஒரு டிரெய்னிங்குக்காக நான் நாலு நாள் சென்னை போயிருந்தேன். முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் நாலு வார்த்தை பேசியதும் எதிரே இருந்தவர், "மேடம் ஆந்திராவா?" என்றார். மேஜையே சிரித்தது. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை அவர். ஆனால் எனக்குச் சுருக்கென்று குத்திவிட்டது. மீதி மூன்று நாளும் பாடப்புத்தகத்தில் இருப்பது மாதிரியே பேசினேன், அல்லது பேசாமல் இருந்தேன். அவனுக்கு அந்த மேஜையில் உட்கார நேர்ந்தால் அவனையும் பார்த்து இப்படித்தானே சிரிப்பார்கள் என்று அந்த பேக்கரியில் எனக்குத் தோன்றியது. அவன் மேல் இருந்த பிரியத்தில்தான் தோன்றியது. அதில் சந்தேகம் இல்லை.

"எடுத்துடு" என்றேன். "அவங்க சொல்றதும் சரிதான. நம்ம பேச்சு நம்மோட போவட்டும்."

"ஊட்டா ஆயித்தாவுமா?"

"அதுந்தான். தோழான்னு ஏதாச்சும் போட்டுக்க."

அவன் நோட்டைப் புரட்டி அந்த வரி இருந்த பக்கத்தை எடுத்தான். பிறகு "சரிக்கா" என்றான். விளையாட்டாக நோட்டின் கடைசிப் பக்கத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடச் சொன்னான். ஓகே என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். நான் இரண்டாவது டீ சொன்னேன்.

அந்த ஆல்பம் எங்கே போய் நின்றது என்று எல்லாருக்கும் தெரியும். "பசி ஆறியதா தோழா, பணி நேரம் முடிந்ததடா" என்ற வரியைக் கல்லூரிச் சுவர்களில்கூட எழுதினார்கள். தோழா! எங்கள் லைனில் எவனும் எவனையும் தோழா என்று கூப்பிட்டதில்லை. ஒரு பெரிய விமர்சகர் அந்த ஒரு சொல்லைப் பற்றியே அரைப் பக்கம் எழுதினார். தொழிலாளியின் இதயத்திலிருந்து நேராக வந்த சொல் என்றார். வந்தது என் வாயிலிருந்து, பேக்கரியில், வெஜிடபிள் பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தபோது. ஆனாலும் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து என் பைலில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் நான் பீற்றிக்கொள்ள ஆரம்பித்தது அப்போதுதான்.

அவன் வேலையை விட்டான். சென்னைக்குப் போனான். மேடைகளில் பாடினான். ஒன்றிரண்டு வருஷம் எங்கே பார்த்தாலும் அவன் முகம் இருந்தது. அப்புறம் மெல்ல மெல்லக் காணாமல் போனான். புதுப்பாட்டு வரவில்லை. குடி என்றார்கள், தலைக்கனம் என்றார்கள், சரக்கு தீர்ந்துவிட்டது என்றார்கள். ஒரே ஒரு பேட்டி மட்டும் கொடுத்தான். ஏன் பாடுவதில்லை என்று கேட்டபோது, "மைக் முன்னாடி நின்னா, வேற யாரோ எழுதிக் குடுத்ததப் படிக்கிற மாதிரி இருக்கு. வாயே வர மாட்டேங்குது" என்றான்.

நான் அதை வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். போனை அணைத்துவிட்டேன். மொத்த லாட்டும் தப்பாகப் போயிருந்தது. ஃபர்ஸ்ட் பீஸில் யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியும்.

அவனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். பேசவில்லை. பொங்கலுக்கு அவன் வாழ்த்து அனுப்புவான், நானும் அனுப்புவேன். அவ்வளவுதான். அந்த வருஷங்களை இப்படியே ஓட்டினேன். ஒருத்தனுடைய வாயைக் கட்டிப்போட்டது நானாக இருந்தால் எந்த முகத்தோடு அவனிடம் பேசுவது?

அதனால்தான் அந்த இரண்டு வார்த்தை வந்தபோது நான் பயந்துபோனேன். முதல் பாட்டை மட்டும் அன்றைக்குக் கேட்டேன். ஆரம்பமே "ஊட்டா ஆயித்தா". நான் வெட்டச் சொன்னது அத்தனையும் திரும்பி வந்திருந்தது. என்னைக் கூண்டில் ஏற்றத்தான் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். அணைத்துவிட்டேன். நாளைக்குப் பதில் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று பத்து நாள் போய், ஆல்பமே வெளிவந்துவிட்டது. இப்போது ஊரே அவனை அடித்துக்கொண்டிருந்தது. அவன் கருத்துக் கேட்டிருந்த நானோ வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் பேசாமல் இருப்பதை அவன் எப்படி எடுத்துக்கொள்வான்? இவளும் அவர்களோடு சேர்ந்துவிட்டாள் என்றுதான்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முழு ஆல்பத்தையும் கேட்டேன். செவ்வாய்க்கிழமை மறுபடியும் கேட்டேன். அந்த நாலாவது விமர்சனத்தையும் நானே தேடி எடுத்து முழுசாகப் படித்தேன். அவர், தோழா என்ற அந்த அற்புதமான சொல் எங்கே போயிற்று என்று வருத்தப்பட்டு முடித்திருந்தார். அரைப் பக்கம் எழுதினவரும் அவரேதான். என் பைலை எடுத்துப் பெயரைச் சரிபார்த்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலை, பக்கத்து சீட்டுக்காரி டிரைவரிடம் சொல்லி பஸ் ஸ்பீக்கரில் அந்த ஆல்பத்தைப் போட்டுவிட்டாள். என்னை வெறுப்பேற்றத்தான் செய்தாள் என்று இன்னமும் நம்புகிறேன். இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சரணம் முடிந்தது. விமர்சகருக்குக் கோபம் வந்த அந்த இடைவெளி வந்தது. தாளம் மட்டும் ஓட, அவன் வாய் திறக்கவில்லை.

எங்கள் முன் சீட்டில் ஒரு லேத் ஆபரேட்டர் உட்கார்வார். நரைத்த தலை, ஏறியதும் தூங்கிவிடுகிறவர். கண்ணை மூடியபடியே இருந்தார். பாட்டு நின்ற இடத்தில் அவருடைய இடது கை மடியிலிருந்து எழுந்து எதையோ இழுத்தது. வலது கை எதையோ எடுத்து வைத்து, இன்னொன்றை எடுத்து மாட்டியது. இடது கை திரும்பத் தள்ளியது. வலது கைக் கட்டைவிரல் காற்றில் அழுத்தியது. அந்த நொடியில் அடுத்த சரணம் ஆரம்பித்தது.

கதவைத் திறந்து, ஆன பீஸை எடுத்து, புதுப் பீஸை மாட்டி, மூடி, பட்டனை அழுத்துகிற நேரம். அதைத்தான் அவன் பாட்டில் காலியாக விட்டிருந்தான். பஸ்ஸில் திரும்பிப் பார்த்தேன். இன்னும் இரண்டு மூன்று கைகள் மடியில் அசைந்துகொண்டிருந்தன. அவர்களுக்கே தெரியவில்லை. ஒரு பொம்பளை, "ஐய, என்னா இது, என் கை தானா போவுது" என்று சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விமர்சகர்கள்மேல் கோபப்படக்கூட மனம் வரவில்லை. அவர்கள் அந்தக் கதவைத் திறந்து மூடியவர்கள் இல்லை, பாவம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். சென்னையை விட்டு வந்து தொரப்பள்ளிக்குப் பக்கத்தில் வீடு எடுத்திருக்கிறான் என்று பழைய ஆட்கள் மூலம் தெரியும். ஓசூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மத்தியானம் மூன்று மணிக்குப் போய் நின்றேன். லுங்கியோடு வாசலில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் பெருத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"ஊட்டா ஆயித்தாக்கா?" என்றான்.

ஆயிற்று என்றேன். இரண்டு பேரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

"அன்னிக்கு பேக்கரில நான் சொன்னது தப்பு. எடுத்துடுன்னு சொல்லியிருக்கக் கூடாது. என்னால தான் உனக்கு இத்தன வருஷம்..."

"தப்புன்னு தெரியும்க்கா" என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. "அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா எடுத்த?"

"நீ சொன்ன இல்ல."

அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. பாட்டுக் கம்பெனி சொன்னதற்கு அவன் மசியவில்லை. நான் சொன்னதற்காக மசிந்திருக்கிறான். எத்தனை பேர் என்னிடம் பீஸைத் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். இவன் ஒருநாள், ஒரே ஒருநாள் போட்டிருந்தால் போதுமே. சண்டை போடாதவனை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தது என் புத்தி.

அவனாகவே பேச்சை மாற்றினான். விமர்சனங்களைப் படித்துவிட்டதாகவும் இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை என்றும் சொன்னான். "அவங்க சொல்றது கெடக்கட்டும். நீ ஒண்ணுமே சொல்லல. அதான் கஷ்டமாருந்துச்சு" என்றான்.

முன் சீட்டுக்காரரின் கையைப் பற்றிச் சொன்னேன். அப்படியே செய்து காட்டினேன். அவன் இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னான். மறுபடியும் காட்டினேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "எந்தக் கையால கதவத் தெறந்தாரு?" என்று கேட்டான். இடது கை என்றேன். தலையாட்டினான்.

"சரி, கொற சொல்லு. நீ கொற சொல்லாத இருக்க மாட்ட" என்றான்.

இவனுக்கு இனிமேல் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணியிருந்தேன். ஆனால் சும்மா பாராட்டிவிட்டு வந்தால் அதுவும் ஒரு பொய்தான். வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்வது அந்த ஒரு வேலையைத்தான். பயந்துகொண்டேதான் ஆரம்பித்தேன்.

"மூணாவது பாட்டு நல்லால்ல. இழுவை. அது இல்லாம இருந்துருந்தா ஆல்பம் நிக்கும்."

"சரிக்கா" வரப் போகிறது என்று காத்திருந்தேன். அதை மட்டும் கேட்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"அதெல்லாம் இல்ல" என்றான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மூணாவது பாட்டு இருக்கணும். அதுதான் ஆல்பமே. ஒனக்குப் புரியல."

"என்னா புரியல? நாலு தடவ கேட்டேன். நடுவுல தூக்கமே வந்துருச்சு."

"தூக்கம் வந்துச்சுன்னா போயி தூங்கு. பாட்டு மேல ஏன் பழி போடுற? கேக்கத் தெரியலக்கா ஒனக்கு. காது போயிருச்சு மெஷின் சத்தத்துல."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. என் காதைப் பற்றி எவனும் பேச முடியாது, போன வருஷ மெடிக்கல் செக்கப்பில்கூட எல்லாம் சரி என்றுதான் எழுதியிருக்கிறது என்றேன். அவன் போனை எடுத்து அந்தப் பாட்டைச் சத்தமாகப் போட்டு, வரிக்கு வரி நிறுத்தி, இது என்ன, இது என்ன என்று என்னைக் கேள்வி கேட்டான். நானும் விடவில்லை. குரல் ஏறி, பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "ஏனாயித்து?" என்று கன்னடத்தில் கேட்டார். "ஏனில்லம்மா, ஈ அக்கனிகே கிவி கேளல்ல" என்று அவன் கன்னடத்திலேயே பதில் சொல்லி என்னைச் செவிடாக்கினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைபோல் நான் சந்தோஷமாக இருந்த நாள் சமீபத்தில் இல்லை. ஐந்தரை மணி பஸ்ஸையும் விட்டுவிட்டேன். அவன் வண்டியில் ஓசூர்வரை கொண்டுவந்து விட்டான். வழியிலும் வாதம் ஓயவில்லை. இறங்கும்போதுகூட, இன்னொரு தடவை ஒழுங்காகக் கேளு என்று அதட்டிவிட்டுத்தான் போனான்.

கேட்டேன். அந்த மூன்றாவது பாட்டு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.